லயக் காம்பராவுக்குள் லைட் பெயின்டிங்: எங்கிருந்து தொடங்குவது?

காம்பரா_கெமரா

கையில் இருப்பது கெனன் 1200டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், கொஞ்சம் ஆடுகிற ட்ரைபொட், டவுனில் வாங்கின சாதாரண எல்ஈடி டோர்ச். இடம் தலவாக்கலைப் பக்கம் லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு). காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் சின்ன இஸ்தோப்பு (திண்ணை). மழை விடுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் வீட்டுக்குள்ளேயே லைட் பெயின்டிங் (இருட்டில் ஷட்டரை நீள நேரம் திறந்துவைத்து, டோர்ச் வெளிச்சத்தால் படம் வரைவது) பழகப் பார்க்கிறேன்.

செய்ய நினைப்பது இரண்டு. பித்தளைக் குத்துவிளக்கையும் கொழுந்துக் கூடையையும் மேசையில் வைத்து, டோர்ச் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுப்பது ஒன்று. தைப்பொங்கலுக்கு அனுப்ப, 'பொங்கல்' என்று காற்றில் வெளிச்சத்தால் எழுதுவது மற்றது.

ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்திறன்) 800, எஃப்/4, 30 வினாடி வைத்து எடுத்ததில் வந்த கோளாறுகள்: படம் முழுக்க மங்கலாகச் செம்மஞ்சள் படர்ந்திருக்கிறது. எழுத்து வெள்ளையாக வெந்துபோகிறது, டோர்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டினாலும் கோட்டின் நடு வெள்ளைதான். கோடு தொடர்ச்சியாக இல்லாமல் தையல் போட்ட மாதிரி துண்டு துண்டாக வருகிறது. எழுத்து இடம் வலம் மாறி நிற்கிறது. நான் வேறு ஆவி மாதிரி பின்னால் தெரிகிறேன்.

எதை முதலில் சரிபண்ணுவது?

இருட்டறை

சொன்ன கோளாறில் மூன்றுக்கு ஒரே வேர். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது லேசு.

இந்த வேலையில் ஒரே படத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர் (ஒளிப்பதிவு) நடக்கிறது. அசையாமல் நிற்கிற சுவர், மேசை, கதவிடுக்கு எல்லாம் ஷட்டர் திறந்திருக்கிற நேரம் முழுக்க வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஓடுகிற டோர்ச் முனையோ சென்சரின் ஒவ்வொரு இடத்தையும் ஒரு கணம் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே கோட்டின் பிரகாசத்துக்கும் ஷட்டர் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. 10 வினாடி வைத்தாலும் 30 வைத்தாலும் கோடு அதே கோடுதான். அதை மாற்றுவது அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கும்), ஐஎஸ்ஓ, கை ஓடுகிற வேகம், டோர்ச்சின் பலம். கை வேகம் பாதியானால் கோடு இரண்டு மடங்கு பிரகாசமாகும்.

800, எஃப்/4 என்பது 100, எஃப்/8-ஐவிட ஐந்து ஸ்டொப் அதிகம். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அதாவது மொத்தம் 32 மடங்கு. எழுத்து வேகாமல் என்ன செய்யும்? சிவப்பு வெள்ளையாவதும் இதனால்தான். தாள் சிவப்பை நிறையவும் பச்சை, நீலத்தைக் கொஞ்சமாகவும் விடும். சிவப்பு உச்சம் தொட்டு நின்ற பிறகும் மற்ற இரண்டும் ஏறிக்கொண்டே வந்து அதை எட்டிப்பிடித்துவிடும். நிறம் வேண்டுமென்றால் கோட்டைக் கொஞ்சம் மங்கலாகவே எடுக்கப் பழகுங்கள். எஃப்/11 வரை மூடலாம், எஃப்/16-க்கு மேல் போனால் படத்தின் கூர்மை குறையும். அதற்குப் பிறகும் வெந்தால் டோர்ச் முகத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிக் குறையுங்கள்.

டோர்ச்சைத் தொடும் முன் ஒரு சோதனை. 'எம்' (மெனுவல்) மோட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 வினாடி. காம்பராவில் எல்லாம் அணைத்துவிட்டு ஒரு வெற்றுப் படம் எடுங்கள். ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் கெமரா காட்டும் வரைபடம்) முழுவதும் இடதுபக்கச் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையா, வெளிச்சம் எங்கிருந்தோ ஒழுகுகிறது. தகரக் கூரையும் சுவரும் சேருகிற இடம், கதவுக்கு அடி, பக்கத்து வீட்டு பல்ப், சார்ஜரின் சின்னப் பச்சைப் புள்ளி, எல்லாம் பாருங்கள். புள்ளிகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப், கதவடிக்கு ஒரு சாக்கு. உங்கள் செம்மஞ்சள் படர்வு அநேகமாக அடுப்படியிலிருந்தோ தெரு விளக்கிலிருந்தோ வருகிறது. கரண்ட் போன இரவு கிடைத்தால் விடாதீர்கள், அதைவிட நல்ல ஸ்டூடியோ இல்லை.

பிறகு ஃபோகஸ். இருட்டில் ஓட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறும். எழுதப்போகிற இடத்தில் ஒரு கதிரையை வைத்து, அதன்மேல் டோர்ச் அடித்து, நடுப் புள்ளியால் ஃபோகஸ் பிடித்ததும் லென்ஸிலுள்ள சுவிட்சை மெனுவலுக்குத் தள்ளுங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கிற ஸ்டெபிலைசரையும் (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) அணையுங்கள். ட்ரைபொட்டில் நிற்கும்போது அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டிவிடும். லென்ஸை 18 மிமீ-இல் நிறுத்தி, எஃப்/8 வைத்து 2.7 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து பின்சுவர் வரை தெளிவாக விழும். எழுதும்போது அரை அடி முன்னே பின்னே போனாலும் பயமில்லை.

ட்ரைபொட்டின் நடுக்கம்பியை ஏற்றவேண்டாம், அதன் கொக்கியில் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் செல்ஃப் டைமர். 30 வினாடிக்கு மேல் வேண்டும்போது பல்ப் மோட் (அழுத்திப் பிடித்திருக்கிற வரை ஷட்டர் திறந்திருக்கும்), அதற்கு 2.5 மிமீ முனையுள்ள ஆர்எஸ்-60ஈ3 வகை வயர் ரிமோட். முதல் மாதத்துக்கு அது தேவைப்படாது. ரோ ஃபைலாக (கெமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுங்கள். வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஓட்டோவில் இருக்கக்கூடாது, டேலைட்டில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வந்து உங்களைக் குழப்பும்.

ஊவாக்காற்று

தையல் கோட்டுக்கு வருகிறேன். டோர்ச்சை 'லோ'வில் போட்டுத்தானே எழுதினீர்கள்? மலிவு எல்ஈடி டோர்ச்கள் வெளிச்சத்தை உண்மையில் குறைப்பதில்லை. வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுக் குறைந்த மாதிரி காட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஓடுகிற கோட்டில் அப்படியே தெரியும். கரண்டில் ஓடும் அலங்கார விளக்குச் சரமும் இதே கதை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 50 அல்லது 100 தடவை துடிக்கும். கை வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், 100 துடிப்புக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி.

தீர்வு: டோர்ச்சை 'ஹை'யில் போட்டு, வெளிச்சத்தைத் தாளால் குறையுங்கள். வெள்ளை ஷொப்பிங் பேக்கை நாலாக மடித்துக் கட்டினாலும் சரி.

இன்னும் நல்லது, எழுதுவதற்கென்றே ஒரு விளக்கு செய்வது. 5 மிமீ எல்ஈடி ஒன்று, சிஆர்2032 பட்டன் பெட்டரி ஒன்று. எல்ஈடியின் நீளக் கால் பெட்டரியின் பிளஸ் பக்கம், குட்டைக் கால் மறுபக்கம், மேலே டேப். அவ்வளவுதான். நேர் மின்சாரம் என்பதால் துடிப்பே கிடையாது. ஒரு காலை மட்டும் டேப்புக்கு வெளியே விட்டு விரலால் அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். எழுத்துக்கு இந்த வசதிதான் முக்கியம். சிவப்பு எல்ஈடி சுமார் 2 வோல்ட்டிலேயே எரியும், அதனால் 3 வோல்ட் பெட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். வெள்ளை, நீலம், பச்சை தாக்குப்பிடிக்கும். எல்ஈடியின் தலை பளபளவென்றிருந்தால் வெளிச்சம் நேராக மட்டும் பாயும், கையைச் சரித்தவுடன் கோடு மங்கும். தலையை சேண்ட் பேப்பரால் தேய்த்து மங்கலாக்குங்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவாக எரியும்.

நிறத்துக்கு வெசாக் கூடு கட்டுகிற காலத்தில் கடைகளில் வரும் செலோபேன் தாள் போதும். டிஷ்யூ தாள் வேண்டாம், அது வெளிச்சத்தைக் கலைக்குமே தவிர நிறத்தைச் சுத்தமாகத் தராது.

ஆவிக்கு மருந்து: கறுப்பு முழுக்கைச் சட்டை, கறுப்புக் காலுறை. விளக்கு உங்கள் உடம்பைப் பார்க்கவே கூடாது, எப்போதும் கெமராவைப் பார்க்கவேண்டும். கறுப்புத் தாளைச் சுருட்டி நாலு விரல் நீளத்துக்கு ஒரு குழாய் செய்து டோர்ச்சுக்கு மாட்டினால் பக்கத்தில் சிந்துகிற வெளிச்சம் நின்றுவிடும். பின்சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு என்றால் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். மழைக்குக் கொழுந்து மலைக்குப் போர்த்திப்போகிற அதே கம்பளிதான். துணிக்கடைக் கறுப்புச் சாட்டினைவிடப் பத்து மடங்கு நல்லது, சாட்டின் மினுங்கும், கம்பளி வெளிச்சத்தை விழுங்கும்.

பழையபிலிம்

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. செட்டிங் எல்லாம் சரி, ஆனால் 'பொங்கல்' என்பதை ஒரே படத்தில் எழுத முயலாதீர்கள். தமிழ் எழுத்து லைட் பெயின்டிங்குக்கு வரமும் சாபமும். வளைவு நிறைய என்பதால் கோடு அழகாக வரும். ஆனால் இந்த ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள்: கொம்பு, ப, கால், ங, அதன் புள்ளி, க, ல, அதன் புள்ளி. எட்டுத் துண்டு. இடையில் ஏழு தடவை விளக்கை அணைத்து, இருட்டில் கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏழாவதில் தவறினால் முதலிலிருந்து.

எழுத்துக்கு ஒரு படமாக எடுங்கள். ட்ரைபொட்டைத் தொடாமல், ஃபோகஸை மாற்றாமல், 10 வினாடிப் படங்கள். பிறகு கிம்ப் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் லேயராக அடுக்கி, லேயர் மோடை 'லைட்டன் ஒன்லி' ஆக்கினால் ஒவ்வொரு படத்திலும் பிரகாசமானது மட்டும் மேலே வரும். இருட்டு இருட்டாகவே நிற்கும். 'ங' பிசகினால் 'ங'வை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

அளவு: 18-இல் 2.7 மீட்டர் தள்ளி நின்றால் அகலவாக்கில் சுமார் 3.3 மீட்டர், உயரவாக்கில் 2.2 மீட்டர் படத்துக்குள் வரும். கெமராவைப் பன்னிரண்டடிப் பக்கத்தின் ஒரு கோடியில் வையுங்கள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம் இருந்தால் போதும். தரையில் எழுத்துக்கு ஒரு டேப் துண்டு ஒட்டி, அந்தந்தத் துண்டுக்கு நேராக நின்று எழுதுங்கள். அடிக்கோட்டுக்கு ஒரு நூலை இடுப்புயரத்தில் குறுக்கே கட்டி, மறு கையால் தொட்டுக்கொண்டே எழுதினால் வரி சாயாது. கறுப்பு நூலாக இருக்கட்டும்.

இடம் வலம் மாறுவது கெமராவின் பிழை இல்லை. நீங்கள் அதைப் பார்த்து நிற்கிறீர்கள், உங்கள் இடம் அதற்கு வலம். இடம் வலம் மாற்றி எழுதிப் பழகவேண்டாம், உங்கள் பக்கத்திலிருந்து சாதாரணமாக எழுதிவிட்டுப் படத்தைக் கிடைவாக்கில் திருப்புங்கள். படத்துக்குள் வேறு எழுத்தோ, கடிகாரமோ இருந்தால் மட்டும் அது மாட்டிக்கொடுக்கும்.

கவனிக்கவேண்டிய இன்னொன்று வேகம். வளைவு திரும்புகிற இடத்தில் கை தானாக மெதுவாகும், அங்கே ஒளி முடிச்சு விழும். 'ல'வின் சுழி, 'க'வின் குறுக்குக் கோடு தொடங்குமிடம், இவையெல்லாம் முடிச்சு விழுகிற இடங்கள். விளக்கை எரியவைத்த பிறகு கையை நகர்த்தாமல், கை நகர ஆரம்பித்த பிறகு எரியவையுங்கள். முடிக்கும்போதும் ஓட்டத்திலேயே அணையுங்கள். புள்ளிக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது, ஒரு சொடுக்கு நேரம் போதும்.

நொய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் விழும் பொட்டுகளைக் குறைக்கும் வசதி) பற்றி யாரும் சொல்லவில்லை. நீள எக்ஸ்போஷருக்கான அந்த வசதி ஓனில் இருந்தால் 30 வினாடிப் படத்துக்குப் பிறகு கெமரா இன்னொரு 30 வினாடி மூடிய கண்ணோடு ஒரு கறுப்புப் படம் எடுத்துக் கழிக்கும். பழகும்போது அணைத்துவிடுங்கள். நம்மூர்க் குளிருக்கு சென்சர் சூடாவதும் குறைவு, 100-இல் பெரிய வித்தியாசம் தெரியாது.

இருட்டறை

லைட்டன் முறை சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குத்துவிளக்குப் படத்தை முதலில் ஒரே படமாகவே பழகட்டும். எங்கே எவ்வளவு நேரம் அடித்தோம் என்ற கணக்கு கைக்கு வரவேண்டும்.

அதற்கு லென்ஸை 45 அளவில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 வினாடி. டோர்ச்சின் முகத்தில் வெள்ளை ஷொப்பிங் பேக். பொருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இடப்பக்கமிருந்து 4 வினாடி, வலப்பக்கமிருந்து 2, பின்னாலிருந்து விளிம்புக்கு 1. வாய்விட்டு எண்ணுங்கள். தூரத்தை மாற்றாதீர்கள், இரண்டு மீட்டருக்குப் போனால் வெளிச்சம் பாதியல்ல, கால்வாசியாகும். கெமரா பக்கத்தில் நின்று மட்டும் அடிக்கவேண்டாம், எல்லாம் தட்டையாகிவிடும்.

கூடையும் விளக்கும் இரண்டு வேறு குணம். கூடையின் பின்னல் தெரிய வெளிச்சம் மேற்பரப்பை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்து வரவேண்டும், சின்ன விளக்கே நல்லது. பித்தளை அப்படியில்லை, அது கண்ணாடி. நீங்கள் காட்டுவது பித்தளையை அல்ல, பித்தளைக்குள் தெரிகிற டோர்ச்சை. சின்ன டோர்ச் என்றால் தண்டு முழுக்க வெள்ளைக் கீறல். ஒரு வெள்ளைத் துணியை விளக்குக்குப் பக்கத்தில் படத்துக்கு வெளியே தொங்கவிட்டு, டோர்ச்சைத் துணியின் பின்னாலிருந்து மேலும் கீழுமாக ஓட்டுங்கள். பட்டையாக, மென்மையாக ஒளி வழியும். திரி ஏற்றுவதாக இருந்தால் எல்லாம் முடிந்து கடைசி 1 வினாடிக்கு மட்டும் ஏற்றுங்கள், 30 வினாடியும் எரிந்தால் சுடர் ஒரு வெள்ளைக் கட்டியாகிவிடும்.

சாமிமலை_போன்

அண்ணே, கெமரா இல்லாதவங்க என்ன பண்றது? போன்ல நைட் மோட்ல எடுத்தா கோடு வெட்டி வெட்டி வருது.

ஊவாக்காற்று

தம்பி, நைட் மோட் ஒரு நீளமான படம் எடுப்பதில்லை. நிறையக் குட்டிப் படங்களை எடுத்து ஒன்றோடொன்று பொருத்துகிறது. ஓடுகிற வெளிச்சத்தை அது அசைவு என்று நினைத்து வெட்டிவிடும். புரோ மோட் (செட்டிங்கை நாமே மாற்றக்கூடியது) இருந்தால் அதில் ஐஎஸ்ஓவை ஆகக் குறைந்ததில் வைத்து, ஷட்டரை 10 வினாடிக்கு மேல் கொடுங்கள். சில போன்களில் லைட் பெயின்டிங் என்றே தனி மோட் உண்டு, அதில் எழுத எழுதத் திரையில் தெரியும்.

போனின் சிக்கல் அப்பர்ச்சர். அநேகமானவற்றில் எஃப்/1.8 மாதிரி ஓரளவில் நிரந்தரமாகத் திறந்தே இருக்கும், மூட முடியாது. எஃப்/8-ஓடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம். ஆகவே மூடவேண்டியது லென்ஸை அல்ல, விளக்கை. எல்ஈடிக்கு மேல் நாலைந்து சுற்று வெள்ளைத் தாள், கை கொஞ்சம் வேகம். போனைப் பெரிய கிளாஸில் சாய்த்து நிறுத்தினாலும் போதும், டைமர் மட்டும் மறக்கவேண்டாம்.

காம்பரா_கெமரா

இருட்டுச் சோதனை பாஸ். ஒழுகியது கூரைத் தகரத்தில் இருந்த இரண்டு ஆணி ஓட்டை. 100, எஃப்/11-இல் சிவப்பு சிவப்பாகவே வந்துவிட்டது, கோடும் ஒட்டிக்கொண்டது. இரண்டு கேள்வி மிச்சம். மழை விட்டால் வெளியே ஸ்டீல் வூல் (பற்றவைத்துச் சுற்றினால் பொறி பறக்கும் இரும்புப் பஞ்சு) சுற்றலாமா? கெமராவை இஸ்தோப்புக்கு எடுத்துப்போய்த் திரும்ப உள்ளே வந்தால் லென்ஸ் புகைபிடித்த மாதிரி ஆகிறது, துடைக்கலாமா?

பழையபிலிம்

ஸ்டீல் வூல் வேண்டாம். அந்தப் பொறி ஒவ்வொன்றும் எரிகிற இரும்பு, பல மீட்டர் பறக்கும், லென்ஸில் பட்டால் கண்ணாடியில் குழி விழும். லயத்துப் பக்கம் விறகு அடுக்கு, ஓலைக் கொட்டில், மேலே மானாப்புல். மழை நாளிலும் கூரைக்கு அடியில் இருக்கிற விறகு காய்ந்தேதான் இருக்கும். ஊவாப் பக்கம் வரண்ட மாதங்களில் யோசிக்கவே கூடாது. வட்டம் வேண்டுமென்றால் அந்த எல்ஈடியை இரண்டடி நூலில் கட்டிச் சுற்றுங்கள். தரையில் ஒரு காசை வைத்து, வட்டத்தின் அடி எப்போதும் காசுக்கு மேலே வருகிற மாதிரி நீங்கள் காசைச் சுற்றி நடந்தால் பந்து வடிவம் கிடைக்கும். ஒரு சுற்றை 25 வினாடியில் முடியுங்கள். லேசர் பாயின்டரையும் கெமராப் பக்கம் திருப்பவேண்டாம், சென்சரில் நிரந்தரக் கோடு விழும்.

இன்னொரு யோசனை, உங்கள் ஊருக்கே பொருத்தமானது. அமெரிக்காவில் ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதி 1910-களில் தொழிலாளர் விரல்களில் சின்ன பல்ப் கட்டி, வேலை செய்கிற கையின் பாதையை ஒளிக்கோடாக எடுத்தார்கள். பிறகு பல்ப்பைத் துடிக்கவிட்டார்கள். கை வேகமாகப் போன இடத்தில் துண்டுகளின் இடைவெளி கூடும், மெதுவான இடத்தில் குறையும், படமே கடிகாரமாகிவிடும். உங்கள் 'லோ' டோர்ச்சின் தையல் கோடு அதேதான். ஒரு சட்டித் தேயிலைச் செடியும், கொழுந்து எடுக்கத் தெரிந்த கை இரண்டும், விரலுக்கு ஒரு எல்ஈடியும் இருந்தால் காம்பராவிலேயே எடுக்கலாம். கில்பிரெத் பார்த்தது வேலையில் வீண் அசைவை எப்படிக் குறைக்கலாம் என்று. நீங்கள் வேறு எதையாவது பாருங்கள்.

இருட்டறை

லென்ஸ் விஷயம்: துடைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் அடுப்பு வைத்த காம்பராவின் ஈரக்காற்று படிகிறது, துடைத்தால் திரும்பவும் படியும், கோடும் விழும். வெளியே இருக்கும்போதே கெமராவை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே வந்து அரை மணித்தியாலம் பையைத் திறக்கவேண்டாம். ஈரம் பைக்கு வெளியே படிந்துவிட்டுப் போகும். பெட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், கூட ஒரு எல்பி-ஈ10 (இந்தக் கெமராவின் பெட்டரி) இருந்தால் சட்டைப் பைக்குள் உடம்போடு வைத்திருங்கள்.

வேலை முடிந்ததும் துணிப் பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். இந்த ஈரத்துக்கு சில மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை வேர்விடும், சிலந்தி வலை மாதிரி தெரியும். மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற வகையாக வாங்குங்கள், நிறம் மாறியதும் பழைய தாச்சியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப வேலை செய்யும். பிறகு அந்தத் தாச்சியில் சமைக்கவேண்டாம்.